பாட்டிலில் ஏறி ஊர் சுற்றிய சேதி

கண்ணாடி பாட்டிலில் கலர் விற்ற காலத்தில், காலி பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் முன்பணம் போச்சு. பிரேசிலில் கோகோ கோலாவும் அப்படித்தான் விற்றது. கடைக்கு வந்த காலி தொழிற்சாலைக்குப் போகும். கழுவி, நிரப்பி, வேறொரு கடைக்கு வந்து இறங்கும். 1970-இல் இந்தச் சுற்றுக்குள் கைவைத்தார் ரியோ டி ஜெனீரோவில் பிறந்த சில்டோ மெய்ரெலெஸ். அப்போது அவருக்கு 22 வயது.

காலி பாட்டில்களின் மேல், கம்பெனி பெயர் இருக்கும் அதே வெள்ளை நிறத்தில் தன் வாசகங்களை அச்சிட்டு, சத்தமில்லாமல் திரும்பவும் புழக்கத்தில் விட்டார். அமெரிக்கர்களை ஊர் போய்ச் சேரச் சொல்லும் 'யாங்கீஸ் கோ ஹோம்' அவற்றில் ஒன்று. நீங்களும் உங்கள் கருத்தை பாட்டிலில் எழுதி அனுப்புங்கள் என்று ஒரு குறிப்பும் இருந்தது. காலியாக இருக்கும்போது அந்த வெள்ளை எழுத்து கண்ணில் படாது. உள்ளே கறுப்புப் பானம் ஏற ஏறத்தான் எழுத்து துலங்கும். ஆக, சேதியைப் படிக்கும்படி செய்தது கம்பெனி, ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததும் கம்பெனிதான். லாரி வாடகைகூட மெய்ரெலெஸ் கொடுக்கவில்லை!

கருத்துருக் கலை என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். இங்கே பாட்டில் படைப்பு அல்ல. அது கை மாறிப் போகிற வழிதான் படைப்பு.

வேடிக்கைக்காகச் செய்த வேலையில்லை இது. 1964 முதல் பிரேசிலில் ராணுவ ஆட்சி. 1968 டிசம்பரில் வந்த ஐந்தாம் நிறுவனச் சட்டத்துக்குப் பிறகு பத்திரிகைக்குத் தணிக்கை, எதிர்த்துப் பேசியவருக்குச் சிறை. வாயைத் திறக்க முடியாத ஊரில், தணிக்கை அதிகாரி பார்க்காத ஒரே தாள் பண நோட்டுதான் என்பதை மெய்ரெலெஸ் பிடித்துக்கொண்டார்.

1975 அக்டோபர் 25 அன்று விளாடிமிர் ஹெர்சோக் என்ற பத்திரிகையாளர், அழைப்பு வந்ததால் சாவ் பாலோ ராணுவ விசாரணை மையத்துக்குத் தானே போனார். உயிரோடு திரும்பவில்லை. தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது ராணுவம், நம்பியவர் குறைவு. மெய்ரெலெஸ் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, பிரேசில் பணமான ஒரு குருசெய்ரோ நோட்டுகளில் குத்தினார்: 'ஹெர்சோக்கைக் கொன்றது யார்?' துண்டறிக்கை என்றால் பயந்து கிழித்துப் போடலாம். காசை யார் கிழிப்பார்? கையில் வைத்திருக்கவும் பயம், எறியவும் மனமில்லை. சட்டென்று அடுத்தவர் கையில் தள்ளிவிடுவதுதான் வழி. கேள்வி வேகமாகப் பரவுவதற்கு அந்த பயமே உதவியிருக்கும். ஹெர்சோக்கின் இறப்புச் சான்றிதழைத் திருத்தி, ராணுவ இடத்தில் நடந்த சித்திரவதையே காரணம் என்று எழுத 2013 வரை ஆயிற்று.

1970-களில் மதிப்பே இல்லாத 'பூஜ்ய குருசெய்ரோ' நோட்டையும் மெய்ரெலெஸ் அச்சடித்தார். தலைவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் பழங்குடி மனிதர், மறுபக்கம் மனநல மருத்துவமனை நோயாளி. நாடு எவரைக் கணக்கில் சேர்க்கவில்லையோ அவர்கள். நம் சென்னையிலும் 2007-இல் ஃபிஃப்த் பில்லர் அமைப்பு பூஜ்ய ரூபாய் நோட்டு அச்சிட்டது. அது கலைக்காக அல்ல, லஞ்சம் கேட்பவரிடம் நீட்டுவதற்கு. ஆனாலும் இரண்டு நோட்டும் வேலை செய்கிற விதம் ஒன்றுதான்.

1987-இல் மெய்ரெலெஸ் அமைத்த 'மிஷன்' பிரம்மாண்டமானது: தரையில் 6,00,000 நாணயங்கள், கூரையில் 2,000 மாட்டெலும்புகள், இரண்டையும் இணைக்கும் தூணாக 800 நற்கருணை அப்பங்கள். தென் அமெரிக்கப் பழங்குடிகளிடையே இயேசு சபையார் நடத்திய மதமாற்றப் பணியின் கணக்கு வழக்கு அது.

கோலா பாட்டில்கள் இன்று லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் சுற்றுவதற்காகச் செய்த பொருள் ஓரிடத்தில் நின்றுபோனால், அதில் பாதிதான் மிச்சம். 2002-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சிக்கு மெய்ரெலெஸ் கொண்டுவந்தது வெறும் தண்ணீரை உறைய வைத்த குச்சி ஐஸ். தள்ளுவண்டிக்காரர்கள் தெருவில் விற்றார்கள். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிச் சப்பினார்கள். எந்த மியூசியமும் அதை வாங்கிப் பூட்டி வைக்க முடியாது. குச்சியை வேண்டுமானால் யாராவது எடுத்து வைத்திருக்கலாம்.