பழஞ்சேலையில் ஒரு பரிசு

புனேயில் கார்த்திகை பிறந்துவிட்டால் பின்னிரவில் போர்வையின்றி உறங்க இயலாது. நம்மவர் கடைக்குச் சென்று ரஜாய் வாங்குவர். அண்டை வீட்டு மராத்தி மூதாட்டியாரோ, பெட்டியினின்றும் கோதடியை எடுத்து உதறி விரிப்பார். உடுத்திப் பழகிய பருத்திச் சேலைகளை மூன்று நான்கு அடுக்காகப் பரப்பி, கையினாலேயே ஓட்டுத் தையலிட்டு இணைத்த போர்வை அது. வாகள் என்றும் அதனை வழங்குவதுண்டு.

தையல் ஓரத்தில் தொடங்கி, நாற்புறமும் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்லும். அடுக்குகள் நழுவா; துணியெங்கும் நீரலை போன்ற மெல்லிய சுருக்கம் விழும். அடுக்குகளிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கின்றது. வங்காளத்துக் காந்தாவும் இவ்வினத்ததே. ஆயினும் அதில் தாமரையும் மீனும் தையலிலே மலரும். கோதடி பெரும்பாலும் நேர்கோடுகளோடு நின்றுவிடும்.

நம் இல்லத்தில், மறைந்த தாயாரின் மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று டிரங்குப் பெட்டியில் நெடுநாள் கிடந்தது. அதில் கத்தரி படலாகாது என்றார் தமக்கையார். மடித்த மடிப்பிலேயே இற்றுப்போகுமே என்றார் நம் மனைவியார். இருவர் கூற்றும் நியாயமே! தங்கையின் முதற் பிரசவம் நெருங்கிய வேளையில், அண்டை வீட்டு மூதாட்டியார்தாம் வழி கூறினார்: கோதடிக்குச் சேலையை வெட்ட வேண்டுவதில்லை, மடித்தாற் போதும். தமக்கையாரே முதல் தையலை இட்டார்.

குமாஸ்தா வேலையில் பேனாவன்றி ஊசி பிடித்தறியோம். எனினும் அருகிருந்து கண்டதைக் கூறுகிறோம். முந்தானை மேலடுக்காயிற்று. மூலையில் ஒரு மாங்காய் வடிவை, இரண்டு அடுக்குகளையும் சேர்த்து நெருக்கமாகத் தைத்தனர். பின்புறத் துணியின் இழைகளை ஊசிமுனையால் விலக்கி, சிறிது சிறிதாகப் பஞ்சைச் செலுத்தினர். பின்னர் இழைகளை நகத்தால் நீவிச் சேர்த்தனர். முன்புறம் மாங்காய் புடைத்து நின்றது! கொடிக்கு இரண்டு இணைகோடுகள் தைத்து, அவற்றினூடே மழுங்கிய ஊசியால் தடித்த பருத்தி நூலைக் கோத்தனர். இலை ஓரங்களுக்குச் சங்கிலித் தையல்.

இப்புடைப்பு வேலை மேல்நாட்டிலும் பழமையானது. 14ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் டிரிஸ்டன் என்னும் வீரனின் கதையை லினன் துணியில் இவ்வாறே புடைப்பாகத் தைத்தனர். அதன் பகுதிகள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையிலும், பிளாரன்ஸ் நகரத்துப் பார்ஜெல்லோவிலும் உள்ளன.

செய்ய விரும்பும் சகோதரிகள் பாலியெஸ்டர் சேலையை நாடவேண்டா. அது வியர்வையை வாங்காது, ஊசிக்கும் வழுக்கும். பச்சிளங் குழந்தைக்குப் பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்தியே உகந்தது. சாயம் போகும் நூலா என்பதை நீரில் நனைத்துப் பார்த்துக்கொள்க. இலவம் பஞ்சு தலையணைக்கு நன்று. அடிக்கடி துவைக்கும் துணிக்குப் பருத்திப் பஞ்சே ஏற்றது. உலர்த்தும்போது கொடியில் தொங்கவிடாது வெயிலில் பரப்பி வைத்தல் வேண்டும். தொங்கவிட்டால் ஈரப்பஞ்சு ஒருபுறமாக இறங்கிவிடும்.