மதியிறுக்கமும் கண்மணி எதிர்வினையும்

கண்மணி (பாப்பா) தானாகவே சுருங்கி விரிவது கண்மணி எதிர்வினை எனப்படும். நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும் கண்மணி, இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். வெளிச்சம் மாறாதபோதும் அச்சம், ஆர்வம், மன உழைப்பு ஆகியவற்றால் அது சிறிதளவு விரிகிறது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உடைய பெரியவர்கள் சினந்த, அஞ்சிய, மகிழ்ந்த முகங்களைக் காணும்போது உடலுக்குள் நிகழ்வதை அறிய ஆய்வாளர்கள் இந்தச் சிறு மாற்றத்தை அளக்கின்றனர்.

கண்மணியை விருப்பப்படி இயக்க முடியாது என்பதே இதன் பயன். தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய சதிராட்டத்தில், அதாவது இன்றைய பரதநாட்டியத்தில், விழி, புருவம், இமை ஆகிய மூன்றுக்கும் பயிற்சி உண்டு. கண்மணிக்கு அத்தகைய பயிற்சி இல்லை. அது தன்னியக்க நரம்பு மண்டலத்தின் ஆட்சிக்கு உட்பட்டது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக இந்தியாவில் பயன்படும் மதியிறுக்க மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. கண்ணோடு கண் நோக்காமை அவற்றுள் முதலாவது. இதனை அக்கறையின்மை எனக் கருதி, "என்னைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்துவோர் பலர். (பெரியவர் முன் தலைகுனிவதை மரியாதையாகக் கொள்ளும் ஊர்களில் இந்த அறிகுறி கவனிக்கப்படாமலும் போகலாம்.)

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், கலிபோர்னியாவில் சக ஆய்வாளர்களுடன் நடத்திய ஆய்வை 2001இல் வெளியிட்டார். அதில் அளக்கப்பட்டது கண்மணி அன்று, தோலின் மின்கடத்தல். பங்கேற்றவர்களும் குழந்தைகளே. மற்றக் குழந்தைகளின் தோல் எதிர்வினை காகிதக் குவளையைவிட மனிதரைக் காணும்போது மிகுந்தது. மதியிறுக்கமுள்ள குழந்தைகளிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் எதிர்வினையே இல்லை என்பது இதன் பொருளன்று; அவர்களில் பலரிடம் அது அளவுக்கு மீறியே இருந்தது.

அமெரிக்காவில் நூஷின் ஹஜிகானி குழுவினர் 2017இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. படத்திலுள்ள முகத்தின் கண்களையே நோக்கச் செய்தபோது, மதியிறுக்கமுடையோரின் மூளையில் அமிக்டலா உள்ளிட்ட பகுதிகள் மற்றவர்களுடையதைவிட மிகுதியாகக் கிளர்ந்தன. பார்வையை விலக்குவது, தாங்க முடியாத கிளர்ச்சியைக் குறைக்கும் வழியாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

கண்மணி ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றுபோல் அமையவில்லை. சிலவற்றில் விரிவு மிகுதி, சிலவற்றில் குறைவு. படத்தின் பொலிவு சற்று மாறினாலும், பார்வை கண்ணிலிருந்து வாய்க்கு நகர்ந்தாலும், உட்கொள்ளும் மருந்தாலும் அளவு மாறிவிடும். எனவே கண்மணியை அளந்து மட்டும் ஒருவருக்கு மதியிறுக்கம் உண்டு என உறுதிசெய்ய இயலாது.