வாங்கும் விலையே அங்கே விற்கும் விலை

“ஏஜென்சிகிட்ட நான் வாங்குற விலைக்கே அங்க ஜனங்களுக்குக் குடுக்கிறாங்க சார். நான் எதை வச்சுக் கடையை ஓட்டுறது?” பைபாஸ் ஓரம் தள்ளுபடி விலை செயின் கடை ஒன்று திறந்த சில மாதங்களில், உள்ளூரில் சொந்தமாக சூப்பர் மார்க்கெட் நடத்துபவர் கேட்பது இதைத்தான். அடுத்த மூச்சில் “கேஸ் போடலாமா?” என்பார். சில விஷயங்களுக்குப் போடலாம். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அநேகமாக முடியாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் வீண் அலைச்சலும் செலவும் மிச்சம்.

அந்த விலை எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் இந்த முறையை நிலைநிறுத்தியது டிமார்ட். ராதாகிஷன் தமானி 2002-இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தார். 2025 மார்ச்சில் கடைகள் 415. பெரும்பாலும் சொந்த இடம் என்பதால் வாடகைச் சுமை குறைவு. சரக்குக்கான பணம் சில நாட்களிலேயே கம்பெனிக்குப் போய்விடுகிறது. சீக்கிரம் காசு தருகிறவருக்குக் கம்பெனியும் விலையை இறக்கித் தருகிறது. ஓடாத ரகங்களை அடுக்கி வைப்பதில்லை. பருப்பும் எண்ணெயும் மெல்லிய லாபத்தில் போகின்றன. அவற்றை வாங்க வந்தவர் கூடவே எடுத்துக்கொள்ளும் வாளியிலும் பெட்ஷீட்டிலும் லாபம் கூடுதல். இதில் எதுவும் சட்ட விரோதம் அல்ல.

இங்கே முதல் அடி யாருக்கு என்பதைப் பலரும் தவறாகக் கணிக்கிறார்கள். அண்ணாச்சி கடைக்குப் பற்று நோட்டு இருக்கிறது. கால் கிலோ சர்க்கரைக்கும் ஒரு பாக்கெட் பாலுக்கும் யாரும் பைபாஸ் வரை போவதில்லை. நடுவில் மாட்டுபவர் ஏ.சி. போட்டு, பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்து, வாடகைக் கட்டடத்தில் இருக்கும் உள்ளூர் சூப்பர் மார்க்கெட்காரர். அவருடைய உயிர்நாடி மாத மளிகைப் பட்டியல். அது மொத்தமாக இடம் மாறிவிடும். விட்டுப்போனதை வாங்க மட்டும் ஆட்கள் வருவார்கள். கடையில் கூட்டம் இருப்பதுபோலத் தெரியும், கல்லாவில் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? போட்டிச் சட்டம் 2002-இன் 4-ஆவது பிரிவு, போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் அடக்க விலைக்குக் கீழே விற்பதைத் தடை செய்கிறது. ஆனால் அந்தத் தடை, சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனத்துக்குத்தான். ஊரில் நூறு மளிகைக் கடைகளும் ஆன்லைன் டெலிவரியும் இருக்கும்போது ஒரு செயின் கடையை ஆதிக்க நிறுவனம் என்று நிரூபிப்பது கடினம். அதோடு, உங்கள் அடக்க விலைக்குக் கீழே என்றால் போதாது, அவர்களுடைய அடக்க விலைக்கே கீழே என்று காட்ட வேண்டும். ஜெர்மனியில் சட்டம் இன்னும் கண்டிப்பு. 2000 செப்டம்பரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் வால்மார்ட், ஆல்டி நார்டு, லிடில் மூன்றுக்கும் பால், சர்க்கரை, மாவு போன்ற சரக்குகளை அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. சின்னக் கடைகளைவிடப் பலமான நிறுவனம் தொடர்ந்து அப்படி விற்றாலே அங்கே தவறு. நம் சட்டத்திலும் அந்த அளவுகோல் வேண்டும் என்பது என் கருத்து. வணிகர் சங்கங்கள் கேட்க வேண்டிய திருத்தம் இதுதான்.

கைக்கு எட்டும் வழி வேறு இடத்தில் இருக்கிறது: சரக்கு கொடுக்கும் கம்பெனியிடம். ஒரு பொருளில் ஆதிக்கம் செலுத்தும் கம்பெனி ஆளுக்கொரு நியாயமற்ற விலை வைப்பதும், ‘இந்தப் பேக்கை மற்ற கடைக்குத் தராதே’ என்று ஒப்பந்தம் போட்டுப் போட்டியைக் கெடுப்பதும் விசாரணைக்கு உரியவை. இந்தியப் போட்டி ஆணையத்தில், சம்பவம் நடந்த மூன்று ஆண்டுக்குள் தகவல் மனு தர வேண்டும். அதற்கு ஆதாரம் தேவை. எனவே இன்றிலிருந்தே கொள்முதல் பில், ஸ்கீம் அறிவிப்பு, சேல்ஸ்மேனின் வாட்ஸ்அப் செய்தி, அதே நாளில் அங்கே வாங்கிய அதே பொருளின் பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 2022 ஜனவரியில், பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விலைச் சலுகை என்று கொதித்த மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் கோல்கேட்டின் சில பொருட்களை எடுக்க மறுத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சங்கமாகக் கூடி ‘இன்ன கம்பெனி சரக்கை யாரும் வாங்காதே’, ‘இன்ன விலைக்குக் கீழே யாரும் விற்காதே’ என்று தீர்மானம் போட்டால், அதே போட்டிச் சட்டம் சங்கத்தின் மேலேயே பாயும். மருந்து வணிகர் சங்கங்கள் இப்படி அபராதம் வாங்கியிருக்கின்றன.

செயின் கடைக்கு அப்பளம், மசாலாப் பொடி, ஊறுகாய் தயாரித்துக் கொடுக்கும் சிறு தொழில்காரர்களுக்கு இன்னும் வலுவான பாதுகாப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையத் தளத்தில் புகார் செய்தால் அது மாநில வசதியாக்க மன்றத்துக்குப் போகும். சரக்கு அனுப்பும் முன்பே, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருப்பது நல்லது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2021-இல் அவர்களை உத்யமில் சேர்த்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். இதைத் தெரியாமல் பதிவுச் சான்றை ஃபிரேம் போட்டு மாட்டி, நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

விலையோடு மோத இறங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. விற்பனை இறங்கும்போது ஏஜென்சிக்கு முன்தேதியிட்ட செக் கொடுத்துச் சரக்கு எடுப்பார்கள். செக் திரும்பினால், நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது தப்பிக்கும் வழியல்ல. அந்தச் செக்கைக் காப்பாற்றத் தண்டலில் வாங்குவார்கள். கடை அங்கேதான் கை மாறும். மிரட்டி அநியாய வட்டி பிடுங்குபவர் மேல் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் கேட்டுப் பார்ப்பது தண்டலுக்கு முந்தைய படியாக இருக்க வேண்டும்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு: கடை சின்னதோ பெரியதோ, தமிழ்நாட்டில் உட்கார இருக்கை தர வேண்டும் என்பது 2021-இல் வந்த சட்டத் திருத்தம். பில்லிங்கில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

வாங்குபவர்களுக்கு: குறைந்த விலை தேடுவது உங்கள் உரிமை, அதில் யாருக்கும் கூச்சம் வேண்டாம். பெரிய எழுத்துத் தள்ளுபடியை மட்டும் பார்க்காமல், பாக்கெட்டில் கிராமுக்கோ கிலோவுக்கோ எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதை ஒப்பிடுங்கள். போதிய சரக்கு வைக்காமல் ஆசை காட்டும் விளம்பரத்தை 2022-இன் மத்திய வழிகாட்டுதல்கள் கட்டுப்படுத்துகின்றன. முன்கூட்டிச் சொல்லாமல் பில் போடும்போது பைக்குக் காசு கேட்பது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலும் எடை குறைந்தாலும் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். தேசிய உதவி எண் 1915.

ஆல்டியும் லிடிலும் பிறந்த ஜெர்மனியில், மளிகை விற்பனையில் முதலிடம் அவற்றுக்கு அல்ல, எடேகாவுக்கு. 1898-இல் பெர்லின் மளிகைக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து சரக்கு வாங்கத் தொடங்கிய கூட்டுறவிலிருந்து வளர்ந்தது அது. சொந்தக் கடைக்காரர்கள் இன்றும் அதன் அங்கத்தினர்கள். நமக்கும் இது புதிதல்ல. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இலேயே பிறந்துவிட்டது. சேர்ந்து வாங்குவதற்குப் போட்டிச் சட்டத்தில் பொதுவாகத் தடையில்லை. சேர்ந்து விற்பனை விலை வைப்பதுதான் கூடாது. ஒரே தாலுகாவின் பத்து சூப்பர் மார்க்கெட்காரர்கள் துவரம்பருப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றோடு தொடங்கலாம். முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை மூன்று: கொள்முதல் பில் யார் பெயரில், குடோன் யாருடையது, ஒவ்வொருவரும் எந்தத் தேதிக்குள் பணம் போட வேண்டும்.