ஒளி உந்தும் அயனிக் கற்றை

கற்றை என்னும் சொல் நம் காவிரிப்படுகைக்குப் புதியதன்று. வைக்கோலைக் கற்றையாகக் கட்டுவர். கூந்தலையும் கற்றை என்பர். அணுவிலிருந்து எலக்ட்ரான் நீங்கியபின் எஞ்சுவது அயனி. அவ்வயனிகளை மிகுவிரைவில் ஒருதிசைப்படச் செலுத்தின் அஃது அயனிக் கற்றையாம்.

பயன்

அயனிக் கற்றையின் பயனை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைத் தரமணியில் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அப்பல்லோ புரோட்டான் மையத்தில் புற்றுநோய்க்கு இக்கற்றையால் மருத்துவம் செய்யப்படுகிறது. எக்ஸ் கதிர் தான் செல்லும் வழியெங்கும் ஆற்றலைச் சிந்திச் செல்லும். புரோட்டானோ தன் ஆற்றலின் பெரும்பகுதியைத் தான் நிற்குமிடத்திலேயே இறக்கிவைக்கும். எனவே நோயுற்ற பகுதிக்கு அப்பாலுள்ள நலமான உறுப்புகள் பெரிதும் காக்கப்படுகின்றன. ஆயின் இதற்குரிய முடுக்கியும் காந்தங்களும் பேருருவின, பெரும் பொருட்செலவின. அப்பணியை ஒளி செய்ய இயலுமா என்பதே அறிஞர்தம் வினா.

இயங்கும் முறை

லேசர் ஒளியை அளவுகடந்து பெருக்கினால் பெருக்கும் கருவியே சிதையும். 1985இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூரூ, ஸ்டிரிக்லண்ட் ஆகிய இருவரும் இதற்கு வழிகண்டனர். ஒளித்துடிப்பை முதலில் நீட்டி, பின்னர்ப் பெருக்கி, இறுதியில் சுருக்குவதே அவ்வழி. இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையத்தின் லேசர் ஒன்றன் திறன் 150 லட்சம் கோடி வாட். ஆனால் அதன் துடிப்பொன்றின் ஆற்றல், ஒரு கிலோ அரிசியை முழங்கால் உயரத்திற்குத் தூக்கவும் போதாது! அத்துடிப்பு நீடிப்பது 25 ஃபெம்டோ நொடியே. நொடியைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மீண்டும் நூறு கோடிக் கூறாக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. குறுமையே ஈண்டு வலிமையாகிறது.

இத்துடிப்பு மெல்லிய உலோகத் தகட்டில் குவிந்ததும் எலக்ட்ரான்கள் தகட்டின் மறுபுறம் பாய்கின்றன. புரோட்டான் எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 1836 மடங்கு எடையுடையது. உடன் ஓட இயலாது. ஆயினும் முன்செல்லும் எருது ஏரை இழுப்பதுபோல், எலக்ட்ரான்கள் உண்டாக்கும் மின்புலம் அதனை ஈர்த்துச் செல்கிறது. இப்புரோட்டான்களுள் பெரும்பாலன தகட்டின்மேல் படிந்த ஈரத்திலிருந்தும் எண்ணெய்ப்பசையிலிருந்தும் வருவன என்பது வியப்புக்குரியது.

வளர்ச்சி

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் புரோட்டான்கள் 58 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் பெற்றன. 2024இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வகம் 150ஐ எட்டியது. உடலின் ஆழத்திலுள்ள கட்டிக்கோ 200க்கும் மேல் வேண்டும். நம் நாட்டின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2013இல் ஆர்கன் அயனிகளை லேசரால் முடுக்கி, அவை விரைவு குன்றாமலே எலக்ட்ரான்களை மீளப்பெற்று மின்சுமையற்ற அணுக்களாகுமாறு செய்துகாட்டினர்.

தடை இன்னும் உண்டு. லேசர் தரும் அயனிகள் ஒரே ஆற்றலுடையன அல்ல. நீளம் ஒவ்வாத தாள்களைக் கட்டிய கற்றை போல்வன. மருத்துவத்திற்கு ஒத்த நீளம் வேண்டும். அது கைகூடின், பேரூர்களில் மட்டும் கிட்டும் இம்மருத்துவம் நாகை போன்ற ஊர்களுக்கும் எளிய குடும்பங்களுக்கும் எட்டும் காலம் அணுகலாம்.

ஸ்டிரிக்லண்ட் அவ்வழியைக் கண்டபோது முனைவர் பட்ட ஆய்வு மாணவியே. 2018இல் அதற்காக நோபல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றார். நம் மாணவ மாணவியர் இதனை நெஞ்சில் இருத்துவாராக.