சுங்கத் தீர்வையும் மின்சார வண்டியும்

எல்கடுவ மலைச்சாலையில் ஏறியிறங்கும் வண்டிகள் பெரும்பாலும் கடல் கடந்து வந்த எண்ணெயையே எரிக்கின்றன. நம் மாவட்டத்து உக்குவளையிலோ, பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வரும் மகாவலி நீர் 1976ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தந்து வருகின்றது. நம் நீரின் வலுவில் ஓடக்கூடிய வண்டிக்கும் இத்துணைத் தீர்வை ஏன் என மாணவர் வினவுகின்றனர். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றவர்கள் கேட்கத் தகுந்த வினாவே.

தேயிலை நாற்றுமேடையை அறிந்தோர்க்கு விடை கூறுதல் எளிது. இளநாற்றுக்கு நிழற்பந்தல் வேண்டும். வேரூன்றியபின் பந்தலைப் பிரித்துவிடல் வேண்டும். சுதேசக் கைத்தொழிலுக்கு இறக்குமதித் தீர்வை அத்தகைய பந்தல். சீனத்து மின்சாரக் கார்கள்மீது அமெரிக்கா 2024இல் 100 வீதத் தீர்வை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாண்டில், முன்னிருந்த 10 வீதத்தின்மேல் 35.3 வீதம்வரை கூட்டிற்று. பாரதம் வேறொரு வழி கண்டது. 4,150 கோடி ரூபா முதலிட்டு, மூன்றாண்டுக்குள் அங்கேயே உற்பத்தி தொடங்க உடன்படும் நிறுவனம், ஓர் அளவுக்கு உட்பட்ட கார்களை 15 வீதத் தீர்வையில் கொணரலாம் என 2024 மார்ச்சில் அறிவித்தது.

நம் நாட்டில் பந்தல் உண்டு, நாற்று எங்கே? அந்நியச் செலாவணி முடையால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடையில் பாகங்களைக் கொணர்ந்து பொருத்தும் வேலை ஓரளவு வளர்ந்ததென்னவோ உண்மை. எனினும், இறக்குமதியாகும் மின்சாரக் காரின் உற்பத்தி வரி, அதன் மோட்டாரின் கிலோவாற் வலுவைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. திறைசேரிக்கு அது வருவாய். தொழிற்கூடத்துக்கு அதனால் யாது பயன்?

மலைநாட்டார்க்கு இவ்விடயத்தில் கசப்பான பழைய நினைவொன்றும் உண்டு. 1970க்குப் பின் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, மிளகாயும் வெங்காயமும் விளைத்த யாழ்ப்பாணத்து விவசாயி செழித்தான். 1977இல் கதவு திறக்கவே தளர்ந்தான். ஆனால், அவன் செழித்த அதே ஆண்டுகளில், அரிசியும் மாவும் அரிதாகிப் பங்கீடு குறைந்து, 1973, 1974இல் தோட்டத்து லயங்களிலே பட்டினியால் மாண்டோர் பலர். ஆதலின், பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கு என்று கேட்பது நம்மவர்க்கு இயல்பு.

செல்வர் ஏறும் காருக்கு வரி மிகின் தோட்டத்தில் ஒருவரும் அழப்போவதில்லை. நோயாளியை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது முச்சக்கர வண்டியன்றோ? பெற்றோல் முச்சக்கர வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் தொழில் இலங்கையிலேயே செய்து காட்டப்பட்டதாகும். பற்றரிக்கும் மோட்டாருக்கும் தீர்வையைக் குறைத்து, மாற்றும் வேலையைத் தொழில்நுட்பக் கல்லூரி கற்ற நம் இளைஞர் கையில் ஒப்படைக்கலாம். சலுகைக்கு முடிவாண்டொன்றையும் முன்கூட்டியே குறித்துவிடலாம். கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகும் பிள்ளைகளிற் சிலரேனும் மாத்தளையிலேயே தங்குவர்.