மிளகாய் நெடியும் எலிக்குட்டியின் மூச்சும்

கடாயில் காய்ந்த மிளகாய் கொஞ்சம் கருகினால் போதும். கூடத்தில் பேப்பர் படிப்பவர் தும்முவார், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட இருமும். நெடியோடு போகும் கேப்சைசின், மூச்சுக்குழாயின் உள்படலத்தில் வந்து முடியும் உணர்வு நரம்புகளில் ஒரு புரதக் கதவைத் திறந்துவிடுகிறது. டிஆர்பிவி1 என்ற அந்தக் கதவை 1997இல் அடையாளம் காட்டியது டேவிட் ஜூலியஸின் குழு. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கதவு திறந்ததும் செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போகும், நாம் இருமுவோம். பாடப்புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடும். சுவாரஸ்யமே இதற்குப் பிறகுதான். மூளைக்குத் தகவல் அனுப்பும் அதே நரம்பு நுனி, இருந்த இடத்திலேயே சில புரதத் துணுக்குகளையும் கசியவிடுகிறது. அக்கம்பக்கத்து நோய் எதிர்ப்பு செல்களுக்கு அந்த பாஷை புரியும்.

2015இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், ஒவ்வாமை உண்டாக்கிய சுண்டெலிகளில் இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். எதிர்ப்பு செல்கள் ஐஎல்-5 என்ற பொருளைச் சுரக்க, நரம்பு சீண்டப்படுகிறது. நரம்பு பதிலுக்கு விஐபி என்ற புரதத் துணுக்கை வெளிவிட, செல்கள் இன்னும் ஐஎல்-5 சுரக்கின்றன. வாய்ச்சண்டை வலுப்பது இப்படித்தான். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிறார்களே லிக்னோகெய்ன், அதன் ஒரு பங்காளி மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். மிளகாய் திறக்கும் கதவு திறந்திருந்தால் அதன் வழியாக அது நரம்புக்குள் நுழைந்துவிடும். நரம்பு அடங்கியது, அழற்சியும் தணிந்தது. அதற்காக நரம்பை வில்லனாக்கிவிட வேண்டாம். பாக்டீரியா நிமோனியாவில் இதே நரம்புகள் எதிர்ப்பு செல்களை அடக்கி வைப்பதும் எலிகளில் தெரியவந்திருக்கிறது.

இதெல்லாம் வளர்ந்த எலிகளின் கதை. குட்டியின் நுரையீரலில் வயரிங் வேலையே இன்னும் முடிந்திருக்காது. அங்கே பரிவு நரம்புகள் என்ற வேறு ரகமும் உண்டு. வளர்ந்த எலியில் நார்அட்ரினலின் சுரக்கும் அவை, குட்டியில் டோபமைன் சுரக்கின்றன. டோபமைன் பட்ட டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் ஒவ்வாமைப் பக்கம் எளிதில் சாய்வதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மகிழ்ச்சி ரசாயனம் என்று வார இதழ்கள் கொண்டாடும் அதே டோபமைன்தான்!

என்னை அதைவிட அசத்தியது இன்னொரு சோதனை. எலிக்குட்டிகளுக்கு முட்டை வெள்ளைப் புரதத்தால் ஒவ்வாமை உண்டாக்கினார்கள். மூச்சுக்குழாயில் இருந்த மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள், நரம்பு வளர உரம் போன்ற என்டி4 என்ற புரதத்தை வெளிவிட்டன. குழாயைச் சுற்றியுள்ள தசையில் நரம்பிழைகள் அளவுக்கு மீறிப் படர்ந்தன. அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகும் அவற்றின் மூச்சுக்குழாய் தொட்டதற்கெல்லாம் சுருங்கியது. என்டி4 சுரக்க முடியாத குட்டிகள் தப்பித்தன. வளர்ந்த எலிக்கு அதே ஒவ்வாமை வந்தபோது நரம்புகள் அப்படிப் படரவில்லை.