அணுக்கள் எதற்காக வந்தன என்று முதலில் கேளுங்கள்

நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வலப்பக்க அடிவயிற்றில் வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், உடல் மெலிவு. மும்பையின் தாராவியிலோ செம்பூரிலோ ஒருவர் இந்தத் தொல்லைகளோடு வந்தால் மருத்துவர் இரண்டு நோய்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குடல் காசநோய். மற்றது 1932இல் நியூயார்க்கில் பர்ரில் க்ரோனும் இரு சகாக்களும் விவரித்த க்ரோன் நோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் இரண்டும் பெரும்பாலும் தோன்றுகின்றன. இரண்டிலும் புண் வரும், குடல் சுருங்கும். சதைத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் வெள்ளையணுக்கள் திரண்டு முடிச்சுகளாகக் கட்டியிருக்கக்கூடும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதால், மும்பையில் இந்தக் குழப்பம் ஏட்டளவில் நிற்பதில்லை.

அந்த அணுக்கள் குடலிலேயே பிறந்தவை அல்ல. வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் ரத்தத்திலிருந்து நிணநீருக்கும், அங்கிருந்து மீண்டும் ரத்தத்துக்கும் சுற்றிவருவதை ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் நிறுவினார். குடலை ஒட்டிய நிணநீர்க்கணுக்களில் பயிற்சி பெறும் அணுக்கள், ஆல்ஃபா4பீட்டா7 என்ற புரதத்தை முகவரிச் சீட்டுப்போல் மேலே தாங்கிச் செல்கின்றன. குடலின் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள மேட்கேம்-1 அதைப் பற்றிக்கொள்கிறது. அணு சுவரோரம் உருண்டு, நின்று, சுவரை ஊடுருவிக் குடல் திசுவுக்குள் போகிறது. அங்கே டிஎன்எஃப் போன்ற பொருள்களைச் சுரந்து மேலும் அணுக்களை வரவழைக்கிறது. க்ரோன் நோயில் இந்த அழைப்பு ஓய்வதே இல்லை; அழற்சி குடலையே அரிக்கிறது. காசநோயில் அதே அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து வேலி கட்டுகின்றன. அந்த வேலியைக் கலையாமல் காப்பதும் டிஎன்எஃப்தான்.

ஆகவே, அணுக்களின் வரவை நோயென்று கொள்ளாமல், வந்த காரணத்தை அறிவதே சிகிச்சையின் முதற்படி. டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் 1998இல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. அதைப் பெற்றவர்களில் சிலருக்குக் காசநோய் தலைதூக்கியதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. குடல்வாசலை மட்டும் அடைக்கும் வெடோலிஸுமாப் 2014இல் அனுமதி பெற்றதே, அதைத் தரலாமே என்று கேட்கலாம். நுரையீரலுக்கு அது ஒப்பளவில் பாதுகாப்பானதுதான். ஆனால் கிருமி குடலிலேயே இருந்தால், காவல் தேவைப்படும் இடத்திலேயே கதவைச் சாத்தியதாகிவிடும்.

இரண்டில் எது என்று தெளியாதபோது காசநோய் மாத்திரைகளை முதலில் கொடுத்துப் பார்ப்பது க்ரோன் நோயாளிக்குக் காலவிரயம் ஆகாதா என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆகும், அந்த இடைவெளியில் குடல் மேலும் சுருங்கவும் கூடும். அதனால்தான் இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியதா என்று பார்க்க வேண்டும். ஆறாவிட்டால் க்ரோன் நோயா, மருந்துக்கு அடங்காத காசநோயா என்று தாமதமின்றி ஆராய வேண்டும். எனவே ஸ்டீராய்டு மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அதுவும் அணுக்களை அடக்கும் மருந்தே. அதைத் தொடங்குமுன், காசநோய்ப் பரிசோதனை முழுமையாக முடிந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காசநோய் என்று உறுதியானால் மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடுவில் நிறுத்தாமல் முடியுங்கள்.